அரசு நாடாவுக்கு நிறம் கிடையாது

"கழட்டுன்னா கழட்டணும் அக்கா, இது சட்டம், இதுல போய்..."

"வெயில் உச்சந்தலையைப் பொளக்குது, பந்தலைக் கழட்டிட்டு நான் எங்கடா உக்காந்து..."

"நான் சொல்லல, சட்டம் சொல்லுது. பதுங்கு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு..."

"யாருடா பதுங்கினது? நட்டநடுத் தெருவுல, போறவன் வர்றவன் எல்லாம் பாக்குற மாதிரி, பளிச்சுன்னு மஞ்சளா நிக்குது என் பந்தல்."

"அதைத்தான் அக்கா சட்டத்துல பதுங்குறதுன்னு சொல்றாங்க."

அக்கா பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுத் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே தையல் மெஷினில் குனிந்திருந்த மாமா தலையைத் தூக்கவில்லை. லாரித் தார்ப்பாய் தைக்கும் கனத்த மெஷின் அது. அது ஓடும்போது அவருக்கு யாரும் பேசுவது கேட்காது. ஓடாதபோதும் அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.

மனித இனம் செய்த சாதனைகளில் தலையாயது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். பதுங்கு விளம்பரத் தடுப்புச் சட்டத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நெருப்பு சுடும், சக்கரம் உருளும், சரி. ஆனால் ஒரு பொருளைப் பார்க்கிற மனிதன் இன்னொரு பொருளை நினைத்துவிடாமல் காப்பாற்றுகிற வல்லமை அவற்றுக்கு உண்டா? இந்தச் சட்டத்துக்கு உண்டு.

அந்த ஊரில் உலகக் கால்பந்துப் பெரும்போட்டி நடக்க இருந்தது. விளையாடுவதற்கு ஆட்கள் கிடைப்பது சுலபம். செலவுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கடைசியில் ஒரு குளிர்பான நிறுவனம் பெரிய மனசு பண்ணி முன்வந்து, போட்டியின் 'அதிகாரபூர்வத் தாகப் பங்குதாரர்' ஆனது. அதன் பாட்டில் நீலம். எனவே போட்டி முடியும்வரை ஊரில் எடுக்கும் தாகம் எல்லாம் நீல நிறத்தில்தான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. இதில் ஒரே ஒரு சங்கடம், சந்தையில் இன்னொரு குளிர்பானமும் இருந்தது. அதன் பாட்டில் மஞ்சள், மேலே சாய்வாகக் கறுப்புப் பட்டைகள். அவர்கள் போட்டிக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. காசு கொடுக்காதவன் ஓசியில் ஜனங்களின் நினைவுக்குள் நுழைந்துவிட்டால்? அதைத் தடுக்கத்தான் சட்டம். அரங்கத்தைச் சுற்றிக் கேமராவின் கண் எட்டும் தூரம் எல்லாம் 'தூய மண்டலம்' என்று அறிவிக்கப்பட்டது.

தூய மண்டலத்தில் குப்பை கிடக்கலாம். அதற்குத் தடை இல்லை. குப்பையில் பெயர் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

'வெற்றி', 'தங்கம்', 'கோப்பை' ஆகிய சொற்கள் போட்டி முடியும்வரை போட்டிக்கே சொந்தம். அதனால் மூலையில் இருந்த வெற்றி சலூன் வெறும் சலூன் ஆயிற்று. அங்கே முடிவெட்டிக்கொள்ளப் போனவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே போனார்கள். டீக்கடைக்காரர் "ஒரு கோப்பை டீ" என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு "ஒரு டீ, எதிலாவது" என்று எழுதினார்.

இந்த மாபெரும் பணிக்கு 'மறைப்பு அலுவலர்' என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர்தான் நம் தம்பி. அதற்கு முன்னால் தெருவிளக்குப் பிரிவில் தற்காலிக ஊழியர். ஊரே விளக்கைப் போடுவதில் குறியாக இருக்க, அணைப்பதில் நல்ல பெயர் எடுத்தவர். மக்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் செய்வதில் இவருக்கு முன்னனுபவம் உண்டு என்று இயக்குநரே பரிந்துரை செய்தார். போட்டி நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார். அந்த 'நிரந்தரம்' என்ற சொல் தம்பியின் காதில் விழுந்த நாளிலிருந்து அவர் சட்டைக் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

அவருடைய முதல் சோதனை சொந்த அக்கா வடிவில் வந்தது. அக்காவின் தார்ப்பாய்க் கடை அரங்கத்தின் வடக்கு வாசலுக்கு நேர் எதிரே. கடை முகப்பில் மஞ்சள் பந்தல். எப்போதோ ஒரு லாரிக்காரருக்குத் தைத்ததில் மீந்த துணி. வடக்கு வாசல் கேமராவைத் திருப்பினால் முதலில் தெரிவது அதுதான்.

"சரி, கழட்டலன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

"மண்டலத்துல அனுமதி இல்லாத நிறத்தை முதல்ல காட்டினவர் யாரோ, அவர் கடை நடத்துறவரா இருந்தா கடை உரிமம் ரத்து. இந்த இடத்துல மறுபடி கடையே வைக்க முடியாது அக்கா."

"முதல்ல காட்டினவர் அரசாங்க ஆளா இருந்தா?"

"வேலை போயிடும். ஆனா அரசாங்க ஆள் எதுக்கு அக்கா காட்டப்போறான்?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்." அக்கா பந்தல் காலைத் தட்டிக் காட்டினாள். "இது சிமெண்ட் போட்டு இறுக்கினது. பிடுங்கினா தரை பேந்து வரும். மழை அடிச்சா மெஷின்ல தண்ணி இறங்கி துருப்பிடிச்சுப் போகும். அந்த மெஷின் நின்னா எங்க ரெண்டு பேர் வயிறும் நின்னுடும். வேணும்னா மூடிக்கோ. மறைக்கிறதுதானே உன் உத்தியோகம்?"

தம்பி முகம் மலர்ந்தது. மறைப்பு அலுவலரிடம் மறைக்கச் சொன்னால் மலராதா? நேராக அலுவலகக் கிடங்குக்கு நடந்தார்.

கிடங்குக்காரர் ஒரு பழைய மேஜை மின்விசிறிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் பணிக்கு வந்த காலத்திலிருந்து அந்த விசிறி அவர் பக்கம் மட்டுமே திரும்பும்.

"ஒட்டுற நாடா வேணும் அண்ணே. நிறைய."

"இருக்கு. ரோடு தோண்டுறவங்களுக்கு வாங்கினது மலை மாதிரிக் கிடக்கு. தோண்டுறவங்க தோண்டிட்டுப் போயிடுறாங்க, நாடா கட்டுறதே இல்ல."

"என்ன நிறம் அண்ணே?"

கிடங்குக்காரர் விசிறியிலிருந்து முகத்தைத் திருப்பினார். அபூர்வமான நிகழ்ச்சி அது.

"நிறமா? தம்பி, இருப்புப் பதிவுல நாடாவுக்கு நீளம் இருக்கு, அகலம் இருக்கு, ஒட்டுமா ஒட்டாதான்னு இருக்கு. நிறம்னு ஒரு கட்டமே இல்ல. அரசு நாடாவுக்கு நிறம் கிடையாது."

அவர் தூக்கிப் போட்ட சுருள் மஞ்சளாக இருந்தது. அதன்மேல் சாய்வாகக் கறுப்புப் பட்டைகள். தம்பி அதைப் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் கண்ணை நம்பியிருப்பான். அவர் அரசுப் பணியாளர், பதிவை நம்பினார்.

வடக்கு வாசலில் ஏணி போட்டு ஏறி, பந்தலின் மேல் வரிவரியாக நாடாவை ஒட்டினார். அக்கா கீழே இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"டேய், மஞ்சளை மஞ்சளாலயே மறைக்கிறியே."

"உன் மஞ்சள் விளம்பரம். இது அரசு நாடா."

"அரசு நாடான்னா கண்ணுக்கு மஞ்சளாத் தெரியாதா?"

"இது நிறம் இல்ல அக்கா, நடவடிக்கை."

மெஷின் நின்றது. மாமா வெளியே வந்தார். கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பந்தலைப் பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிற மனிதர், அந்த வருஷத்துக்கான பேச்சைப் பேசினார்.

"முன்னாடி வெறும் மஞ்சளா இருந்துச்சு. இப்பத்தான் அந்த பாட்டில் மாதிரியே இருக்கு."

"மாமா, அப்படி நினைக்கிறதே குற்றம். அதுக்கு மனத்தொடர்புன்னு பேரு."

"நான் நினைக்கல மாப்ள. பாத்தேன்."

"பாக்குறது பரவாயில்ல. பாத்ததை வெச்சு நினைக்கக்கூடாது."

மாமா உள்ளே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். தம்பி ஒட்டிய பந்தலைப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் ஆலோசனைக் கூட்டம். இயக்குநர், சட்ட ஆலோசகர், தாகப் பங்குதாரரின் பிரதிநிதியான மேடம், கோடியில் தம்பி. மேஜை மேல் தண்ணீர் பாட்டில்கள். லேபிள்கள் எல்லாம் கிழிக்கப்பட்டு நிர்வாணமாக நின்றன. பந்தல் போட்டோ அச்செடுத்து எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அலுவலக அச்சுப்பொறியில் கறுப்பு மை தவிர வேறு மை போட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே எல்லோர் கையிலும் ஒரு சாம்பல் நிறப் பந்தல், அதன்மேல் சாம்பல் நிற வரிகள்.

"பாருங்க," என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "சொந்த அக்கா கடை. சொந்த அக்கான்னுகூடப் பாக்காம அங்கேருந்து ஆரம்பிச்சிருக்கார். இந்த நேர்மையை நான் இந்த அலுவலகத்துல பாத்ததே இல்ல."

பார்த்திருக்க முடியாதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி எழுந்து நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாட்டிலைப் பார்த்தார்.

மேடம் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்புதான் சார். எங்க பானத்தை நினைக்காம யாருக்கும் தாகம் எடுக்கக்கூடாது."

"முன்னாடியே தாகம் எடுத்தவங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"நினைப்பு வர்ற வரைக்கும் பொறுத்துக்கணும்."

இயக்குநர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு சட்ட ஆலோசகர் பக்கம் திரும்பினார். "ஜனங்க மனசுல என்ன நினைப்பு வருதுன்னு நாம எப்படி சார் பாக்குறது?"

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சட்டம் பேசப்போகிறது என்று பொருள். "பாக்கவே வேண்டாம். இந்தச் சட்டத்தோட அழகே அதுதான். நோக்கம் தேவையில்ல, தோற்றம் போதும். ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சா? வந்துச்சுன்னா, அதை முதல்ல காட்டினவர் யாரு? அவ்வளவுதான் கேள்வி. அவர் தூங்கிக்கிட்டு இருந்தாரா, முழிச்சுக்கிட்டு இருந்தாரா, அதெல்லாம் நமக்கு எதுக்கு?"

"அப்ப ஒரு ஆள் கட்டாயம் மாட்டணும்."

"கட்டாயம். ஆள் மாட்டலன்னா அது சட்டமே இல்லையே."

பந்தலில் செய்ததே முன்மாதிரி என்றும், அதே நாடா, அதே முறையில் அரங்கம் முழுவதையும் மறைப்பது என்றும் தீர்மானமாயிற்று.

அடுத்து வந்த நாட்களில் தம்பி உழைத்த உழைப்பை எழுதினால் கை வலிக்கும். அரங்கத்தில் பெயர் இல்லாத பொருளே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குழாய்களுக்குப் பெயர் இருந்தது, மறைத்தார். கை கழுவும் தொட்டி, கை உலர்த்தும் கருவி, லிஃப்ட்டின் கதவு, கழிவறைத் தொட்டியின் மூடி, எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. தீயணைப்பு உருளைகளில் பெயரோடு "இங்கே இழுக்கவும்" என்பதும் சேர்ந்து மறைந்தது. தீ பிடித்தால் எங்கே இழுப்பது என்று காவலாளி கேட்டார். போட்டி முடியும்வரை தீக்கு அனுமதி இல்லை என்று பதில் சொல்லப்பட்டது. இருக்கைகளின் முதுகில், மாடிக் கைப்பிடிகளில், விளக்குக் கம்பங்களில், பெரிய ஸ்கோர் பலகையைச் சுற்றி எங்கெங்கும் நாடா.

மருத்துவ அறையில் நர்ஸ் சண்டைக்கே வந்துவிட்டார்.

"மருந்துப் பெட்டி மேல எல்லாம் ஒட்டிட்டீங்க. யாராவது மயங்கி விழுந்தா நான் எதைன்னு எடுத்துக் குடுப்பேன்?"

"எதை வேணா குடுங்க சிஸ்டர். பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

ஒரு கோல்கீப்பர் கையில் 'அம்மா' என்று பச்சை குத்தியிருந்தார். அந்தப் பெயரில் யாராவது வியாபாரம் செய்கிறார்களா என்று விசாரிக்க நேரம் இல்லாததால் அம்மாவும் மறைக்கப்பட்டார்.

வேலைக்கு நடுவே அக்கா கடைப்பக்கம் போனபோது அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். "கை எல்லாம் பசையா இருக்கு. சட்டைக் கையில பாரு, நாடா ஒட்டிக்கிட்டுத் தொங்குது" என்று ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தாள். சட்டை நூலும் கூடவே வந்தது. "வேலை நிரந்தரம் ஆயிடுமாடா?"

"ஆயிடும் அக்கா. இயக்குநர் வாயாலயே சொல்லிட்டார்."

"ஆகட்டும். உங்க மாமா நேத்து ராத்திரி சொன்னார், பையன் ஏணில ஏறும்போது கால் நடுங்குது, யாராவது பிடிச்சுக்கணும்னு."

"மாமாவா சொன்னார்? இந்த வருஷத்துக்குத்தான் பேசிட்டாரே."

"அடுத்த வருஷத்துலேருந்து கடன் வாங்கிட்டார்."

இத்தனை நாளும் நிறத்தை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். இயக்குநர் பார்த்தார், சட்ட ஆலோசகர் பார்த்தார், பெருக்குகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிவதை வாய்விட்டுச் சொல்வது அந்த அலுவலகத்தில் வழக்கம் இல்லை. மேலிடத்திலிருந்து வர வேண்டும். சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் மேடம். அவர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, மைதானத்துப் புல்லை நீலமாக்க முடியுமா என்று தோட்டக்கலை நிபுணர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தொடக்க நாள் வந்தது. கட்டுப்பாட்டு அறையில், திரைகளின் வரிசைக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டையில் தம்பி நின்றார். பக்கத்தில் இயக்குநர், பின்னால் ஓட்டலிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மேடம். கேமரா வானத்திலிருந்து மெல்ல இறங்கியது. உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மஞ்சள். சாய்வாகக் கறுப்புப் பட்டைகள். இருக்கைகள், கம்பங்கள், கைப்பிடிகள், படிகள். வளைந்து வளைந்து ஏறி, மேலே வட்டமாகக் குறுகி, கழுத்து வரை.

நேரடி வர்ணனையாளர் மைக்கை வாயருகே இழுத்தார். பிறகு, "அடேயப்பா," என்றார். "இவ்வளவு பெரிய பாட்டிலை நான் பாத்ததே இல்ல. பாக்கும்போதே நாக்கு வறளுது."

கட்டுப்பாட்டு அறையில் மேடத்தின் முகம் நீலமாயிற்று. அன்று அந்த அரங்கத்தில் அதிகாரபூர்வ நிறம் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

இடைவேளையில் ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். எல்லோருக்கும் ஒரே தாகம், எல்லோருக்கும் ஒரே நிறத்தில். "அந்தப் பட்டை போட்டதைக் குடுங்க" என்றார்கள். "அது இங்க இல்லைங்க, நீலம்தான் இருக்கு" என்றார்கள் கடைக்காரர்கள். "என்னப்பா இது, அரங்கம் முழுக்க அவங்க பட்டையை ஒட்டி வெச்சுக்கிட்டு அவங்க சரக்கே இல்லையா?" என்று சண்டை வந்தது. மஞ்சள் பாட்டில் நிறுவனம் சாயங்காலமே ஓர் அறிக்கை விட்டது. அறிக்கை மொத்தமும் இதுதான்: "நாங்கள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ஆனாலும் நன்றி."

குற்றம் நடந்துவிட்டது என்பதில் இரண்டு கருத்து இல்லை. இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான பதுங்கு விளம்பரம் சட்டத்தின் வரலாற்றிலேயே கிடையாது என்று சட்ட ஆலோசகரே பூரித்தார். குற்றவாளி ஒருவர்தான் பாக்கி.

அதற்கும் அவருக்குத் தாமதம் ஆகவில்லை. மறுநாள் காலை விசாரணை. அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள்.

விசாரணைக்கு முன் இயக்குநர் தம்பியைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். தெருவிளக்குப் பிரிவில் இருந்த காலத்தில் அந்தக் கை அவரை வாசலில்தான் நிறுத்தி வைத்திருக்கும்.

"உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க தம்பி. முதல்ல காட்டினது யாருன்னு. ஞாபகம் இல்லைன்னு சொன்னாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம். இல்லைன்னா உங்க வேலைதான் போகும்."

"சார், அது எங்க அக்கா..."

"தெரியும். அதனாலதான் பெருமைப்படுறோம். சொந்தம் பாக்காத ஆள் நீங்க. இப்ப போய்ப் பாக்க ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்?"

தம்பிக்கு உண்மையிலேயே பெருமையாகத்தான் இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அக்கா கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா மாலை மாதிரித் தொங்கியது. உட்காரச் சொல்லவில்லை, அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் முதுகிலும் பட்டை போட்ட நாடா இருந்தது. சாய்ந்துகொண்டாள்.

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்க கடைப் பந்தல் என்ன நிறம்?"

"மஞ்சள்."

"அந்தப் போட்டிக் கம்பெனி பாட்டில்?"

"மஞ்சள், மேல கறுப்புப் பட்டை. எங்க பந்தல்ல பட்டை கிடையாதுங்க. பட்டையை ஒட்டினது உங்க ஆபீஸ்."

"அதைச் சொல்லக்கூடாது. அது அரசு நாடா. அரசு நாடாவுக்கு நிறம் கிடையாதுன்னு கிடங்குலேருந்தே சொல்லிட்டாங்க. நிறமே இல்லாத பொருள் எப்படிம்மா பட்டையாத் தெரியும்?"

"அதை நான்தான் உங்ககிட்டக் கேக்கணும். இதோ, இந்த நாற்காலியில தெரியுது பாருங்க."

"அது உங்க பந்தலோட தொற்று."

அக்கா நாற்காலியின் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மை மாதிரியா?"

"கிட்டத்தட்ட. முதல்ல உங்க பந்தல் மஞ்சள். அதை மறைக்கத்தான் நாடா வந்துச்சு. அங்கேருந்து முன்மாதிரி ஆச்சு. முன்மாதிரியிலேருந்து அரங்கம் முழுக்கப் பரவிடுச்சு. உங்க பந்தல் இல்லைன்னா நாடா இல்ல. நாடா இல்லைன்னா நேத்து அரங்கம் பாட்டில் ஆகியிருக்காது. ஆக மொத்தம் மூலம் எங்க இருக்கு?"

"நல்லா வெட்டித் தைக்கிறீங்க," என்றாள் அக்கா. "ஒரு முழத் துணியில ஒரு லாரியையே மூடிட்டீங்களே. எங்க வீட்டுக்காரர் பாத்தா உங்களை வேலைக்கு வெச்சுக்குவார்."

இயக்குநர் இருமினார். மேடம் போனைப் பார்த்தார்.

"விளையாட்டு இல்லம்மா. முதல்ல காட்டினது நீங்கதான்னு ஆயிடுச்சுன்னா, இன்னிக்கே கடைக்குச் சீல். உரிமம் ரத்து. அந்த இடத்துல இனிமே நீங்க தார்ப்பாய் தைக்க முடியாது. புரியுதா?"

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.  

"புரியுதுங்க," என்றாள். "ஆனா நான் மஞ்சளாத்தான் காட்டினேன். பட்டை போட்டு, பாட்டிலா முதல்ல காட்டினது யாருன்னு உங்களுக்கே ஒரு கேள்வி இருக்கணுமே."

"இருக்கு. அதுக்குத்தான் சாட்சி." சட்ட ஆலோசகர் தம்பி பக்கம் திரும்பினார். "மறைப்பு அலுவலர், நீங்க சொல்லுங்க. பட்டை போட்ட தோற்றம் மண்டலத்துல முதன்முதலா எப்படி ஏற்பட்டுச்சு? யாரால ஏற்பட்டுச்சு? ஞாபகம் இருக்கா?"

இயக்குநர் ஊக்கமாகத் தலையசைத்தார்.

தம்பி எழுந்தார். கழுத்துப் பொத்தான் இறுக்கியது. எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். பெயர் இல்லாத தண்ணீர், ருசியும் இல்லை. பாட்டிலை வைக்கப் போனார், வைக்க வரவில்லை. சட்டைக் கையில் எப்படியோ மறுபடி ஒட்டியிருந்த நாடாத் துண்டு பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. உதறினார். விடவில்லை. இடது கையால் பிய்த்தார். இடது கையில் ஒட்டிக்கொண்டது. அறையில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்காமல் இருப்பதில் அந்த அலுவலகம் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தது.

அக்கா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து சார்," என்றார் தம்பி. "எனக்கு அது..."

"தம்பி."

அவர் நிறுத்தினார்.

"சொந்த அக்கான்னுகூடப் பாக்காதவன்னு உன்னை எல்லாரும் கைதட்டிப் பாராட்டினாங்களாமே. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் நானும் அதைப் பெருமையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதே மாதிரி, இப்ப சொந்தக் கைன்னும் பாக்காம சொல்லு. ஒட்டினது யாரு?"